பேர் வெட்டிய தூக்குவாளி

தேங்காய் நாரைச் சொம்பின் வயிற்றில் வைத்து அழுத்தி உள்ளங்கை சிவக்கத் தேய்த்துப் பார்த்தாள் சொர்ணம், கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், மறுபடியும் சாம்பல் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், எழுத்து போகவில்லை. போகவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது, அது போய்க்கொண்டேதான் இருந்தது. டவுன் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பேர் ஓடுவதைப் போல வலமிருந்து இடமாக, பச்சையாக, சொம்பைச் சுற்றிப் பின்பக்கம் போய் மறைந்து திரும்ப முன்பக்கம் வந்து, பல் வலி, வலது பக்கம், கீழ்க் கடைவாய், பொறுக்க முடியவில்லை என்று ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க வந்து பாருங்க, சொம்புல என்னமோ ஓடுது" என்றாள்.

பின்ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் கோதண்டம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கணத்துக்கு வந்தார். எழுதியிருப்பது எதுவானாலும் இரண்டு தடவை படிப்பதும், படித்ததை நம்புவதும் அவருடைய சுபாவம். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் விளம்பரத்தைக்கூட வைத்தியத்தில் சேர்த்தி என்று எடுத்துக்கொள்வார். சொம்பை இரண்டு சுற்றுப் படித்துவிட்டு நாக்கால் வலது கடைவாயைத் துழாவினார்.

"லேசா இருக்கத்தான் செய்யுது" என்றார்.

"நேத்து முறுக்கு கடிச்சீங்களே."

"அப்ப தெரியல. இப்பத்தான் தெரியுது."

மில்லுக்கு அரை நாள் சொல்லி அனுப்பிவிட்டு அவர் கடைத்தெருவுக்குப் போய், பல் நன்றாகத்தானே இருக்கிறது என்று டாக்டர் சொன்னதையும் கேளாமல், எழுதியிருக்கு டாக்டர் என்று ஒரே பிடியாகப் பிடித்து, அதைப் பிடுங்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, சொம்பில் இன்னும் பல் வலி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே வலிக்கத் தொடங்கியது.

காலனியில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் இதே கதைதான். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டும்போது அதைப் புள்ளி புள்ளியாகத்தான் வெட்டுவார்கள். அந்தப் புள்ளிகள்தான் ஒன்றையொன்று விட்டு விலகி, எறும்பு வரிசை கலைந்து மறுபடி சேர்வதைப் போலச் சேர்ந்து, வேறு வேறு சொற்களாகிக்கொண்டிருந்தன. பேர் வெட்டாத பாத்திரங்கள் சும்மா இருந்தன. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சும்மா இருந்தன. ஆனால் பேர் வெட்டாத எவர்சில்வர் எந்த வீட்டில் அதிகம் இருக்கிறது, தட்டும் டம்ளரும் தாம்பாளமும் சருவச்சட்டியுமாக ஒவ்வொரு அடுக்களைச் சுவரும் பஸ் ஸ்டாண்டைப் போலப் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரஞ்சிதம் தன் தாம்பாளத்தில் வயிற்றுக் கடுப்பு என்று படித்துவிட்டு மூன்று வேளையும் மாதுளைத் தோலைக் கொதிக்கவைத்துக் குடித்து, இல்லாத கடுப்பை நிறுத்தியதோடு நிற்காமல் ஒரு வாரத்துக்கு வெளிக்குப் போகாமலும் ஆகிப்போனாள். எதிர்வரிசையில் ஒருத்தி கல்யாணம் கூடிவரும் என்று படித்துவிட்டு, கல்யாணமாகிப் பேரன் எடுத்தவள், வெட்கப்பட்டுக்கொண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

எதில் வெளிச்சம் வந்தாலும் அது தன்னுடைய இலாகா என்று நினைக்கிற கேபிள் அந்தோணி ஒவ்வொரு வீடாக வந்து பாத்திரங்களைத் தட்டிப் பார்த்தான், காதில் வைத்துக் கேட்டான், வயர் எங்கேயாவது போகிறதா என்று அடியில் பார்த்தான்.

"என் லைன் இல்லக்கா" என்று சொர்ணத்திடம் சொன்னான். "ஆனா கிளியரா இருக்கு. நான் குடுக்கிற சேனலவிடக் கிளியரா இருக்கு."

"நிப்பாட்ட முடியாதா?"

"நிப்பாட்டணும்னா முதல்ல யாரு ஓட்டுறான்னு தெரியணும்ல."

யார் ஓட்டுகிறார்கள் என்பதைக் காலனி அதன் பிறகு அவ்வளவாக விசாரிக்கவில்லை. என்ன ஓடுகிறது என்பதை விளங்கிக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. அது சாத்தூரிலிருந்து கோதண்டத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் பெருமாள்சாமி வலது கன்னம் கொய்யாப்பழம்போல வீங்கி வந்து இறங்கிய அன்றைக்குத்தான் விளங்கியது. ராஜபாளையத்தில் கைராசியான பல் டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன் என்று அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னபோது சொர்ணம் உள்ளே போய்ச் சொம்பை எடுத்துப் பார்த்தாள். ராஜபாளையம் வந்து சேர்ந்தார் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய கல்யாணத்துக்கு அந்தச் சொம்பைத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்தவர் பெருமாள்சாமி. கழுத்துக்குக் கீழே அன்பளிப்பு ரா. பெருமாள்சாமி சாத்தூர் என்று வெட்டியிருந்தது அவருடைய பேர்தான்.

"அப்ப இது உங்க வலியா அண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கோதண்டம் தன் வாயின் வெற்றிடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தார். பெருமாள்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரிக்க வந்தது, சிரித்தால் வலித்தது, அதனால் தம்பியின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

யார் பேர் வெட்டியிருக்கிறதோ அவருடைய சேதி. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது விளங்கிய பிறகுதான் குழப்பம் கூடியது. ஏனென்றால் எந்த வீட்டிலும் அந்த வீட்டார் பேர் வெட்டிய பாத்திரங்கள் கொஞ்சம், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் புதுவீட்டுக்கும் வந்தவர்கள் தங்கள் பேரை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போன பாத்திரங்கள் ரொம்ப. இத்தனை வருஷமாகக் கொடுத்தவன் பேரைப் படிக்காமலே அதில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு வந்த ஜனம், இப்போது யாரென்றே மறந்துபோன ஆட்களின் முதுகுவலியையும் பிள்ளையின் பரீட்சையையும் பார்த்தபடி சாப்பிட வேண்டியதாயிற்று. அவரவர் சேதியோ அவரவர் போய்ச் சாப்பிட்ட கல்யாண வீடுகளில், எந்த ஊர் அடுக்களைகளிலோ ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டு விவகாரம் திருவேங்கடத்தில் ஒருத்தி சட்னி அரைக்கிற இடத்தில் ஓடுதாம் என்று ஒருவர் புலம்பினார். கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பதா என்று சிலர் தயங்கினார்கள், தயங்காமல் கேட்டவர்களோடு பலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சிலர் ஆணியால் பேரைச் சுரண்டிப் பார்த்தார்கள். சுரண்டிய பாத்திரத்தில் புள்ளிகள் சேரத் தெரியாமல் பாத்திரம் முழுக்க அலைந்து திரிந்தன, அது பார்க்க இன்னும் சங்கடமாக இருந்தது. மில் கேன்டீன் டம்ளர்களில் மில்லின் பேர் வெட்டியிருந்ததால் நூல் தேங்கிக் கிடக்கிறது, ஆள் குறைப்பு பற்றி யோசனை என்று டீக்குள்ளிருந்து ஓட, அடுத்த நாளே காகிதக் கப் வந்துவிட்டது.

நாளாக நாளாக ஒரு நடைமுறை தானாக உண்டானது. ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் அடுக்களைப் பக்கம் பார்க்காமல் வாசலைப் பார்த்தே உட்காருவார். அவர் பேர் வெட்டிய பாத்திரம் இருந்தால் வீட்டுக்காரி அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பாள். எங்கே என்ன ஓடியது என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே இரண்டு வீட்டிலிருந்து கஞ்சி வரும். சாப்டாச்சா என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்கள், அதுதான் தெரியுமே. நிறுத்தியதும் தெருவில் எதிரெதிரே வந்தவர்களுக்கு எப்படிப் பேச்சைத் தொடங்குவதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நின்று பார்த்துச் சரிப்படாமல், தெரிந்தே மறுபடியும் கேட்க ஆரம்பித்தார்கள்.

சொர்ணத்தின் அடுக்களையில் எல்லாப் பாத்திரமும் பேசியது, ஒன்றைத் தவிர. அது ஒரு தண்ணீர் டிரம். இடுப்புயரம், மூடியோடு, எங்கேயும் ஒரு புள்ளி இல்லாமல் வழவழவென்று நின்றது. மற்ற வீட்டுப் பெண்கள் பேசுகிற பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பேசாத அந்த டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் சுகந்தி ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே சொர்ணம் பாத்திரம் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு தீபாவளி போனஸுக்கும் ஒரு அண்டாவோ அடுக்கோ கும்பாவோ, வாங்கிய கையோடு கடை வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்து கோ. சுகந்தி என்று வெட்டி, பழைய சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றுவாள். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாலும் அப்பா எழுத்தோடு போகட்டும் என்று அந்த கோ-வை விடாமல் வெட்டச் சொன்னவர் கோதண்டம்தான். செல்போன் கடையில் வேலை பார்த்த பையனோடு சுகந்தி போன மறுநாள், அவரே பரணில் ஏறி, ஒன்று விடாமல் இறக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிட்டு, அந்த எடைக்கு எடை இந்த டிரம்மை வாங்கிவந்து அடுக்களையில் வைத்தார். இதில் பேர் எதுவும் வெட்ட வேண்டாம் என்றார். அந்தப் பேரையும் வீட்டுக்குள் சொல்ல வேண்டாம் என்றார். சொர்ணம் அந்த வாரமே மகளின் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள், வேறு யாரோ பெற்ற பெண். அதற்கப்புறம் மூன்று வருஷம்.

அவள் கடைத்தெருவுக்குப் போய் அந்தப் பாத்திரக்கடைக்காரரிடம் கேட்டாள். கடைக்குள்ளும் பச்சை ஓடிக்கொண்டிருந்தது, அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷத்துக்கு முந்தி போட்டதாம்மா? அது உருக்குறதுக்குப் போயி, வேற பாத்திரமாகி, அதுவும் நசுங்கியிருக்கும்."

"ஒரு கரண்டிகூட இருக்காதா?"

"எல்லாரும் இதையேதாம்மா கேட்டு வாராக" என்றார் அவர், கோபமில்லாமல். "நான் என்ன பேரைப் பாத்தா உருக்கக் குடுத்தேன்?"

திரும்பி வந்து டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம்தான் இருந்தது.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, கறிவேப்பிலை கேட்டு வந்த ரஞ்சிதம் வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, எட்டாம் மாசத்துல காலு வீங்குனா என்ன செய்யணும்?"

"யாருக்கு?"

"என் கொழுந்தன் மகளுக்கு."

"பார்லி வேகவச்ச தண்ணி குடிக்கச் சொல்லு. உப்பக் கொறைக்கச் சொல்லு. காலத் தொங்கப்போட்டு உக்காரக் கூடாது. முகமும் வீங்குனா ஆஸ்பத்திரிக்குப் போகணும், சும்மா இருக்கக் கூடாது."

"முகத்தப் பத்தி ஒண்ணும் போடல" என்றாள் ரஞ்சிதம். பிறகு, "சொல்லல" என்றாள். பிறகு கறிவேப்பிலையை நிலைப்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சொர்ணம் உளுந்தைக் கிரைண்டரில் போட்டுவிட்டு அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், லாரி ஓட்டப் போயிருக்கும் ரஞ்சிதத்தின் புருஷன் ஒற்றைக்கொரு பிள்ளை என்பதும், அவளுக்குக் கொழுந்தன் என்று ஒருத்தன் கிடையாது என்பதும் ஞாபகத்துக்கு வந்தன. மாவு பொங்கி விளிம்புக்கு வந்தது. அவள் சுவிட்சை நிறுத்திவிட்டு, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். அங்கே கோதண்டத்தின் செருப்புக் கிடந்தது.

முன்ஷிப்டு முடிந்து டீக்கடையில் இருப்பதாகச் சொல்கிற நேரம் அது. செருப்பைப் பார்த்து என்ன நினைப்பது என்று தெரியாமல் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். இடது வார் அறுந்து அவளே ஊக்குக் குத்திக் கொடுத்த செருப்புதான், சந்தேகமில்லை. உள்ளே போனாள். ரஞ்சிதத்தின் அடுக்களையில், அரிசிப் பானைக்கு எதிரே, கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். பானை மூடியின் மேல் ஒரு சின்னத் தூக்குவாளி இருந்தது. அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது: கோ. சுகந்தி. எட்டாம் மாதம். கால் வீக்கம். மல்லாந்து படுக்க முடியவில்லை. மாங்காய் தின்ன ஆசை.

சொர்ணம் அதை ஒரு சுற்று முழுதாகப் படித்தாள். இன்னொரு சுற்றும் படித்தாள்.

"தண்ணி குடிக்க வந்தேன்" என்றார் கோதண்டம்.

"வீட்டுலதான் டிரம் நெறயத் தண்ணி இருக்கே."

அவர் எழுந்திருக்கவில்லை. ரஞ்சிதம் அடுப்புத் திண்டில் சாய்ந்துகொண்டு முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"போறதுக்கு முந்தின நாள் கொழுக்கட்டை கொண்டாந்தா மதினி, இதுல. நீங்கதான் குடுத்துவிட்டீக. வெறும் வாளியாத் திருப்பித் தர முடியுமா? ரெண்டு சீனியாவது போட்டுத்தான தரணும். சீனி போடுவமா, புதுக் கல்கண்டு வாங்கிப் போடுவமான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், விடிஞ்சா அவ போயிட்டா. பெறவு எதப் போட்டு உங்க கையில தர்றது? பேரு வேற வெட்டியிருக்கு. உள்ள தள்ளி வச்சுட்டேன். இது ஓட ஆரம்பிச்சப்ப மொதல்ல அண்ணங்கிட்டத்தான் சொன்னேன். உங்ககிட்டச் சொன்னா நீங்க இப்பவே புறப்பட்டுருவீகன்னு அண்ணன்தான் வேண்டாம்னாக."

"புறப்பட்டா என்ன?"

"எங்கன்னு புறப்படுவ?" என்றார் கோதண்டம். "காலு, வயிறு, மாங்கா, எல்லாம் போடுது. எங்கன்னு மட்டும் போட மாட்டேங்குது. பெருமாள்சாமி அண்ணனுக்குப் போட்டுச்சு, ராஜபாளையம் வந்து சேந்தாருன்னு. இவளுக்குப் போடல. நானும் தெனமும் வந்து பாக்குறேன்."

இவளுக்கு என்று அவர் சொன்னதை மூவரும் கேட்டார்கள். பார்லித் தண்ணியைக் கேட்டு வரச் சொன்னது யார் என்று சொர்ணம் கேட்கவில்லை, அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது, அந்த வைத்தியத்தைத் தூக்குவாளியிடம் சொன்னாலும் அது மகளிடம் போய்ச் சொல்லப் போவதில்லை. அவள் வாளியை அதன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். இருங்க என்று ரஞ்சிதம் சீனி டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளி அதில் போட்டாள். மூன்று வருஷமாகப் போட வேண்டியிருந்தது அது. சொர்ணம் முன்னே வாளியோடும், கோதண்டம் பின்னே ஒரு செருப்பை மட்டும் மாட்டி இன்னொன்றைத் தேடி மாட்டிக்கொண்டும் வீட்டுக்கு வந்தார்கள்.

வாளி அடுப்புக்குப் பக்கத்து அலமாரித் தட்டில் இடம்பிடித்தது. கோதண்டம் அந்தப் பேரை வீட்டுக்குள் சொல்லவில்லை, ஆனால் சட்டை போடும்போதும் கழற்றும்போதும் வாளி முன்னால் நின்று படித்துவிட்டு, வீக்கம் வடிஞ்சிருக்காம் என்றோ, இருமலாம் என்றோ, செய்தித்தாளில் கண்டதைச் சொல்வதுபோல டிரம்மிடம் சொல்வார். பெருமாள்சாமியின் சொம்பு அதற்குப் பின்னால் புதுப் பல் கட்டியதைப் பற்றி ஓட்டிக்கொண்டிருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

சேதி இல்லாதபோது இருந்ததைவிடச் சேதி வந்தபிறகு சொர்ணத்துக்கு நிலைகொள்ளவில்லை. தூங்கவில்லை என்று ஓடினால் ஏன் தூங்கவில்லை, அவன் ஏதாவது சொன்னானா, கொசுவா, மனசா என்று ஒன்றுக்குப் பத்தாக யோசித்தாள். ஜன்னல் ஓரம் நிற்கிறார் என்று ஓடினால் அது எந்த ஜன்னல், தரைவீடா மாடியா, மாடியென்றால் இந்த வயிற்றை வைத்துக்கொண்டு படி ஏறுகிறாளா என்று யோசித்தாள். முன்னால் ஒன்றும் தெரியாமல் இருந்தாள், இப்போது எல்லாம் தெரிந்து ஒன்றும் தெரியாமல் இருந்தாள். சோறு இறங்கவில்லை. எப்போதும் கோதண்டம் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தனக்குத் தட்டெடுப்பாள், யார் சொல்லி வந்த பழக்கம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது; அதனால் அவள் சாப்பிடாமல் பானையை மூடிவைப்பது அவருக்குத் தெரியவும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் வாளியில் உணவு உட்கொள்ளவில்லை என்று ஓடியது.

வாயும் வயிறுமாக இருக்கிறவள், ஒரு வேளை பிடிக்காமல் இருந்திருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் அதுவே ஓடியது. கரைத்துவைத்த மாவில் தோசை ஊற்ற மனமில்லாமல் அவளும் அப்படியே படுத்துவிட்டாள். அதற்கு மறுநாளும் உணவு உட்கொள்ளவில்லை, சோர்வு, குழந்தை அசைவு குறைவு என்று ஓடியதும், காலையில் குடித்துக்கொண்டிருந்த அரை டம்ளர் காப்பியையும் சொர்ணம் அங்கணத்தில் ஊற்றினாள். ரஞ்சிதம் வந்து எட்டிப்பார்த்து, சாப்டாச்சா மதினி என்று கேட்டு, வாளியைப் படித்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பஸ் ஏறிப் போய்ப் பார்ப்போம், ஏதாவது ஒரு ஊருக்கு, என்றாள் சொர்ணம். எந்த ஊருக்கு என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருப்பாள், போயும் இருப்பாள்.

மத்தியானம் கோதண்டம் ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றாமலே வாளி முன்னால் நின்றார். நின்றவர் திரும்பவில்லை.

"இங்க வா" என்றார். "இது என்ன போட்டிருக்குன்னு பாரு."

கோ. சுகந்தி. சீ. சொர்ணம் என்று வெட்டிய தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அது சொர்ணத்தின் தட்டு. அவளுடைய அப்பா சீனிச்சாமி, அவளைக் கட்டிக்கொடுக்கும்போது வாங்கிக் கொடுத்தது, விளிம்பில் ஒரு பக்கம் நெளிந்தது, அந்த நெளிவில் ரசம் தேங்கி நிற்கும். சுகந்தி போன நாளிலிருந்து அதைக் காணோம். ஆட்டோவில் ஏற்றும்போது கோதண்டம் அதையும் சேர்த்து அள்ளிப் போட்டிருப்பார் என்று அவள் நினைத்து, நினைத்ததைக் கேட்காமல், மூன்று வருஷமாக யாரோ அன்பளித்த தட்டில் சாப்பிட்டு வந்தாள்.

"என் தட்ட நீங்க எடைக்குப் போடலயா?"

"நான் எங்க போட்டேன். நீ ஒளிச்சு வச்சிருக்கன்னுல்ல நெனச்சேன்."

இரண்டு பேரும் வாளியைப் பார்த்தார்கள். அது ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே ஓடியது. எடுத்துக்கொண்டு போக ஒரு வீட்டில் எவ்வளவோ இருக்க, அவள் இதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று முதலில் சொர்ணத்துக்குத் தோன்றியது. அடுத்து, அந்தத் தட்டில் என்ன ஓடியிருக்கும் என்று தோன்றியது. முட்டி வலியும், பாத்திரக்கடைக்குப் போனதும், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதும், வேலையில்லாமல் ஒரு டிரம்மைத் திறந்து பார்த்ததும் எல்லாம் எந்த ஊரிலோ ஒரு அடுக்களையில் ஓடியிருக்கும் என்று நினைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது, சேலையைச் சரிசெய்துகொண்டாள். அதற்கும் அடுத்துத்தான், மெதுவாக, கால் வழியாக ஏறுவதைப் போல, மற்றது ஏறியது. மூன்று நாளாக அந்தத் தட்டில் என்ன ஓடிக்கொண்டிருக்கும்? சீ. சொர்ணம், உணவு உட்கொள்ளவில்லை. மகள் அதைப் பார்க்கிறாள், அவளுக்கு இறங்கவில்லை. அது இங்கே ஓடுகிறது, இவளுக்கு இறங்கவில்லை. யார் முதலில் நிறுத்தியது, இவளா அவளா, சோறா காப்பியா என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள், ஒரு இடத்தில் எல்லாம் சிக்கிக்கொண்டது.

"நீ சாப்பிடலயா?" என்று கோதண்டம் கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் அதைக் கேட்டது எப்போதென்று அவளுக்கு நினைவில்லை.

 சொர்ணம் சோற்றுப்பானையைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தாள். காலையில் வைத்த கத்திரிக்காய்க் குழம்பை எடுத்து வந்தாள், இரண்டு தட்டை எடுத்து வந்தாள். கோதண்டம் வழக்கமான இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வழக்கப்படி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கு எதிரே அவள் உட்கார்ந்து, தன் தட்டில் முதலில் சோற்றைப் போட்டுக்கொண்டாள், குழம்பை ஊற்றிக்கொண்டாள், பிசைந்தாள். அவர் தட்டு வெறுமையாக இருந்தது. அவள் ஒரு வாய் வைத்தாள். தொண்டை வரைக்கும் போய் நின்றது, விழுங்கினாள். இன்னொரு வாய் வைத்தாள்.

அடுக்களை வாசல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோதண்டத்தின் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் சின்னதாக, இடம் வலம் மாறி ஓடின. அவை நின்று, கலைந்து, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, திரும்பச் சேர்ந்தன.

"என்ன போடுது?" என்று சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"கை கழுவுறாளாம்."

"சாப்பிடப் போறதுக்கு முன்னாடியா, சாப்பிட்டுட்டா?"

"அதப் போடல."

சொர்ணம் இன்னொரு கரண்டி சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். கோதண்டம் எழுந்து அடுக்களைக்குள் போய், டிரம்மின் மூடியைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து வந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன்னுடைய வெறும் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.